நிலவில் இறங்காதவர் எழுதிய நிலாப் பயணம்

அமெரிக்காவின் அப்பல்லோ திட்டத்தின்போது, 1968 முதல் 1972 வரை, நிலவு வரை சென்று திரும்பியவர்கள் 24 பேர். அவர்களுள் 12 பேர் நிலவின் தரையில் நடந்தார்கள். மற்ற 12 பேர் அதை அருகில் இருந்து பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். இந்த இரண்டாம் வரிசையைச் சேர்ந்த மைக்கேல் காலின்ஸ் 1974-இல் வெளியிட்ட தன்வரலாற்று நூல் ‘கேரியிங் த ஃபயர்’. நிலாப் பயணத்தைப் பற்றி ஒரே ஒரு நூலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்று யாராவது சொன்னால், நிலவில் நடந்தவர்கள் எழுதியவற்றை ஒருபுறம் வைத்துவிட்டு இதைத்தான் நான் பரிந்துரைப்பேன். ஐந்நூறு பக்கங்களை நெருங்கும் இந்த நூலை, வேறு எழுத்தாளர் எவருடைய துணையும் இல்லாமல் காலின்ஸே எழுதினார். அது தொடக்கப் பக்கங்களிலேயே தெரிந்துவிடுகிறது. ஒரு தொழிலைப் பல ஆண்டுகள் செய்து தேர்ந்தவர் அதைப் பற்றிப் பேசும்போது வரும் தெளிவும், பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்றே சொல்லிவிடும் நேர்மையும் நூல் முழுவதும் நிறைந்திருக்கின்றன.

காலின்ஸைப் பற்றிப் பொதுவாக அறியப்பட்ட செய்தி ஒன்றுதான். 1969 ஜூலை 20 அன்று, அப்பல்லோ 11 பயணத்தில், நீல் ஆம்ஸ்ட்ராங்கும் பஸ் ஆல்ட்ரினும் ‘ஈகிள்’ என்னும் இறங்குகலத்தில் அமைதிக் கடல் எனப்படும் சமவெளியில் இறங்கியபோது, அவர் ‘கொலம்பியா’ என்னும் தாய்க்கலத்தில் தன்னந்தனியாக நிலவைச் சுற்றிக்கொண்டிருந்தார். ஆதாமுக்குப் பிறகு இப்படி ஒரு தனிமையை எந்த மனிதரும் அறிந்ததில்லை என்று அந்நாளிலேயே சொல்லப்பட்டது. அரை நூற்றாண்டு கடந்த பின்னும் அவரைப் பற்றிய கட்டுரைகள் அந்த இரக்கத்தையே திரும்பத் திரும்பப் பாடுகின்றன. அந்த இரக்கம் எவ்வளவு இடம் மாறி விழுந்திருக்கிறது என்பதைக் காட்டுவதால்தான் இந்த நூல் எனக்கு இவ்வளவு முக்கியமாகப் படுகிறது. அவர் தனிமையில் வாடவில்லை. அவரை அழுத்தியது வேறொரு கவலை. அதை அவர் பயணத்துக்கு முந்தைய ஆறு மாதங்களாக யாரிடமும் சொல்லாமல் சுமந்துகொண்டிருந்தார். அந்தக் கவலை வெளிப்படும் பக்கங்களுக்கு வந்து சேர நூலின் பெரும்பகுதியைக் கடக்க வேண்டியிருக்கிறது. ஆனால் அந்தப் பெரும்பகுதியைப் படித்தவருக்கே அதன் முழு எடையும் விளங்கும்.

காலின்ஸ் 1930-இல் ரோம் நகரில், அங்கே பணியில் இருந்த அமெரிக்கத் தரைப்படை அதிகாரி ஒருவரின் மகனாகப் பிறந்தவர். வெஸ்ட் பாயிண்ட் இராணுவக் கல்லூரியில் பயின்று, விமானப்படையைத் தேர்ந்தெடுத்து, கலிஃபோர்னியப் பாலைவனத்தில் உள்ள எட்வர்ட்ஸ் தளத்தில் சோதனை விமானியானார். 1962-இல் நாசாவுக்கு விண்ணப்பித்து நிராகரிக்கப்பட்ட அவர், அடுத்த ஆண்டு 14 பேர் கொண்ட மூன்றாம் அணியில் தேர்வானார். அதற்குப் பின் வரும் பயிற்சிக் காலத்தைத்தான் அவர் விரிவாக எழுதுகிறார். கல்லையும் மண்ணையும் பற்றிய நிலவியல் பாடங்களில் தமக்கு ஆர்வம் இருந்ததில்லை என்பதை அவர் மறைக்கவே இல்லை. பனாமாக் காட்டில் உணவின்றிப் பிழைத்திருக்கக் கற்பித்த நாட்கள், மருத்துவர்கள் உடலைத் துருவித் துருவிச் சோதித்த வாரங்கள், ஒரு நகரத்திலிருந்து மறு நகரத்துக்கு ஜெட் விமானத்தைத் தாமே ஓட்டிக்கொண்டு அலைந்த வாழ்க்கை என அனைத்தும் அவருக்கே உரிய கூர்மையோடு பதிவாகியிருக்கின்றன.

அந்த அணியில் ஒவ்வொருவருக்கும் ஒரு பொறியியல் துறையைக் கண்காணிக்கும் பொறுப்பு தரப்பட்டது. காலின்ஸுக்குக் கிடைத்தவை அழுத்த உடைகளும் கலத்துக்கு வெளியே செய்யும் வேலையும். நூலின் சிறந்த விளக்கப் பகுதிகளில் ஒன்று இதுவே. வெற்றிடத்தில் உயிரைக் காக்கும் உடைக்குள் காற்றை நிரப்பியவுடன், அது காற்றடைத்த கால்பந்தைப் போல் விறைத்துக்கொள்கிறது. விரலை மடக்குவதும் முழங்கையை வளைப்பதும் தனித்தனி உழைப்பாகிவிடுகின்றன. பாதுகாப்புக்காகச் சேர்க்கும் ஒவ்வோர் அடுக்கும் உள்ளே இருப்பவரின் அசைவை இன்னும் குறைக்கிறது. இதைப் படித்துவிட்டால், நிலவில் எடுத்த படங்களில் அந்த இருவரும் ஏன் அப்படித் துள்ளித் துள்ளி நடந்தார்கள், ஏன் குனியவே முடியாதவர்களைப் போல் தெரிந்தார்கள் என்பது புரிகிறது. அந்த உடையைத் தைத்தவர்களின் கைத்திறன் மீது அவர் உயிரையே வைத்திருந்தார். அதனால் அந்தப் பக்கங்களில் தொழில்நுட்பம் வறண்டுபோகாமல் இருக்கிறது.

1966 ஜூலையில், அப்பல்லோவுக்கு முன்னோடியான ஜெமினி திட்டத்தில், சக வீரர் ஜான் யங்குடன் ‘ஜெமினி 10’ கலத்தில் சென்றது காலின்ஸின் முதல் விண்வெளிப் பயணம். தங்களுக்காக ஏவப்பட்ட ‘அஜீனா’ என்னும் ஆளில்லாக் கலத்தோடு இணைந்து, அதன் எஞ்சினைக் கொண்டு 763 கிலோமீட்டர் உயரத்துக்கு ஏறினார்கள்; அதுவரை எந்த மனிதரும் அவ்வளவு உயரம் போனதில்லை. அதன் பிறகு, நான்கு மாதங்களுக்கு முன் ‘ஜெமினி 8’ பயணத்தின்போது விடப்பட்டு, மின்சாரம் தீர்ந்து மிதந்துகொண்டிருந்த இன்னோர் அஜீனாவைத் தேடிப் பிடித்தார்கள். காலின்ஸ் கலத்தை விட்டு வெளியே வந்து, உயிர்க்காற்றுக் குழாயோடு மிதந்து சென்று, அதில் பொருத்தப்பட்டிருந்த நுண்விண்கல் சோதனைத் தகட்டை எடுத்துவர வேண்டும். அந்தக் கலத்தில் பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி கூட இல்லை. முதல் முயற்சியில் அதன் வழவழப்பான விளிம்பில் கை வழுக்கி, தலைகீழாகச் சுழன்று விலகிப்போகிறார். கையில் உள்ள நைட்ரஜன் துப்பாக்கியைக் கொண்டு தம்மைத் தாமே நிலைப்படுத்தி, மறுபடி வந்து, ஒரு கம்பிக் கொத்தைப் பற்றிக்கொள்கிறார். தகடு கிடைத்தது; ஆனால் இந்த அமளியில் அவருடைய கேமரா நழுவி விண்வெளியில் மறைந்தது. அதனால் அவர் வெளியே நடந்ததற்குப் படமே இல்லை. படம் இல்லாத அந்தக் காட்சியை நம் கண்முன் நிறுத்துமளவுக்கு அவர் எழுதியிருப்பதால், அந்த இழப்பு நமக்கு ஓரளவு ஈடாகிவிடுகிறது.

இந்த உற்சாகத்துக்குப் பக்கத்திலேயே மரணங்களும் வந்துகொண்டிருக்கின்றன. 1963-இல் தேர்வான 14 பேரில் நால்வர், ஒருமுறைகூட விண்வெளிக்குப் போகாமலே, விமான விபத்துகளிலும் தீயிலும் மாண்டார்கள். 1967 ஜனவரி 27 அன்று ஏவுதளத்தில் ஒத்திகையின்போது அப்பல்லோ கலத்துக்குள் தீப்பிடித்து கஸ் கிரிசம், எட் ஒயிட், ரோஜர் சாஃபி ஆகிய மூவரும் இறந்தார்கள். அன்று ஒரு வெள்ளிக்கிழமை. காலின்ஸ் ஹூஸ்டன் அலுவலகத்தில் வழக்கமான வாரக் கூட்டத்தில் இருந்தார். செய்தி தொலைபேசியில் வந்தது. சாஃபியின் மனைவிக்கு அதைத் தெரிவிக்கும் கடமை அவர்மேல் விழுந்தது. பக்கத்து வீடுகளில் வாழ்ந்தவர்கள், குழந்தைகள் ஒன்றாக விளையாடிய குடும்பங்கள் இவை. அந்த வீட்டு வாசலில் நடந்ததைக் காலின்ஸ் மிகக் குறைந்த சொற்களில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். சொல்வளம் மிக்க ஒருவர் அந்த இடத்தில் வேண்டுமென்றே குரலைத் தாழ்த்திக்கொள்வது, நூலில் நான் மிகவும் மதிக்கும் செயல்களில் ஒன்று.

யார் நிலவில் இறங்குவது, யார் மேலே சுற்றிக்கொண்டிருப்பது என்பது எப்படி முடிவானது என்பதையும் நூல் சொல்கிறது. காலின்ஸ் முதலில் இறங்குகல விமானியாகவே குறிக்கப்பட்டிருந்தார். ஆனால் தாய்க்கலத்தில் தனியாக இருக்கப்போகிறவர் ஏற்கெனவே விண்வெளிக்குச் சென்று வந்தவராக இருக்க வேண்டும் என்றொரு விதி இருந்தது. குழுக்களை மாற்றியமைத்தபோது அந்த அனுபவம் இருந்த காலின்ஸ் தாய்க்கல விமானியானார். நிலவில் நடக்கும் வாய்ப்பு அத்தோடு போயிற்று. பின்னர் 1968-இல் ஹேண்ட்பால் விளையாடும்போது கால்கள் சொன்னபடி கேட்காததை உணர்ந்து மருத்துவர்களிடம் போனார். கழுத்தெலும்பில் வளர்ந்த முள் ஒன்று தண்டுவடத்தை அழுத்துவது தெரிந்தது. அறுவை சிகிச்சை முடிந்து தேறுவதற்குள், அவர் போக வேண்டிய பயணத்தில் ஜிம் லவெல் இடம்பெற்றுவிட்டார். அந்தப் பயணமே, மனிதர்களை முதன்முதலில் நிலவுக்குக் கொண்டுசென்ற அப்பல்லோ 8. பூமியின் சுற்றுப்பாதையை விட்டு நிலவை நோக்கிப் புறப்பட அவர்களுக்கு வானொலியில் அனுமதி சொன்ன குரல் காலின்ஸுடையது. மனித இனம் முதல் முறையாகத் தன் பூமியை விட்டு விலகும் அந்தக் கணத்தில், சுருக்கெழுத்துகள் கலந்த ஓர் அலுவல் வாக்கியத்தைத்தானே சொல்லிவைத்தோம் என்று அவர் பின்னால் வருந்துகிறார். தமக்குரிய இடத்தில் வேறொருவர் போவதைத் தரையில் இருந்து வழியனுப்பியவரின் மனம் அந்தப் பக்கங்களில் கசப்பில்லாமல் திறந்திருக்கிறது.

அப்பல்லோ 11 பற்றிய பகுதி தொடங்கும்போது, இந்த மனிதரை நாம் நன்கு அறிந்துவிட்டோம். அந்தப் பயணத்தின் சின்னத்தை வடிவமைத்ததில் காலின்ஸின் பங்கு பெரிது. மூவருடைய பெயர்களும் அதில் இல்லை. இந்தப் பயணத்துக்காக உழைத்த அனைவருக்கும் அது உரியதாக இருக்க வேண்டும் என்று விட்டுவிட்டார்கள். அதில் வரைந்திருந்த, நிலவில் இறங்கும் கழுகின் கூர்நகங்கள் அச்சுறுத்துவதாக மேலதிகாரிகள் கருதியதால், அமைதிக்கு அடையாளமாக அலகில் இருந்த ஒலிவக் கிளை கால்களுக்கு இடம்மாறியது. இத்தகைய சிறு செய்திகளை அவர் தள்ளிவிடாமல் சொல்வதால், வரலாறு கூட்டங்களிலும் வரைபலகைகளிலும் எப்படி உருவாகிறது என்பது தெரிகிறது. தம் தோழர்கள் இருவரையும் நட்பு பாராட்டும் அந்நியர்கள் என்றே அவர் பார்க்கிறார். ஆம்ஸ்ட்ராங் எந்த முடிவையும் மெதுவாகவும் நன்றாகவும் எடுப்பவர்; ஆல்ட்ரின் எப்போதும் பல அடிகள் முன்னால் யோசிப்பவர். இரண்டாவது ஆளாக இறங்கியதில் ஆல்ட்ரின் கொண்ட மகிழ்ச்சியைவிட, முதல் ஆளாக இறங்காததில் கொண்ட வருத்தம் பெரிது என்றும் எழுதிவிடுகிறார். இருவரும் உயிரோடு இருந்த காலத்தில் இவ்வளவு வெளிப்படையாக எழுதத் துணிவு வேண்டும். சில இடங்களில் அது கொஞ்சம் கடுமையாகவே ஒலிக்கிறது.

ஜூலை 16 அன்று புறப்பட்டு, மூன்று நாட்கள் கழித்து நிலவை நெருங்கியபோது கண்ட காட்சியை அவர் எழுதும் இடம் மறக்க முடியாதது. சிறு வயது முதல் வானில் பார்த்துவந்த தட்டையான மஞ்சள் வட்டம் எங்கோ போய்விட்டது. அதற்குப் பதில், சூரியனைப் பின்னால் மறைத்துக்கொண்டு, பூமியிலிருந்து பட்டுத் திரும்பும் மங்கிய ஒளியில், சன்னல் முழுவதையும் நிறைத்தபடி ஒரு பெரும் கோளம் தம்மை நோக்கிப் புடைத்துக்கொண்டு நிற்கிறது. அது அவரை வரவேற்கும் இடமாகத் தோன்றவில்லை. அந்த வாடிய கோளத்துக்கு எதிரே, தொலைவில் நீலமும் வெண்மையுமாக மின்னும் பூமிதான் அவருடைய நெஞ்சை இழுக்கிறது.

இனி அந்தத் தனிமை. ஈகிள் பிரிந்து சென்றதிலிருந்து மீண்டும் இணைந்தது வரை சுமார் 28 மணி நேரம் அவர் தனியாக இருந்தார். ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்கு ஒரு சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் நிலவின் மறுபக்கம் போகும் 48 நிமிடங்கள் பூமியோடு வானொலித் தொடர்பே கிடையாது. அந்த நேரத்தில், நிலவுக்கு அப்பால் முந்நூறு கோடி மக்களும் கூடவே இரண்டு பேரும், இந்தப் பக்கத்தில் தாம் ஒருவர் மட்டும் என்று கணக்கிட்டுப் பார்க்கிறார். அந்த உணர்வு தமக்கு அச்சமாகவோ வெறுமையாகவோ வரவில்லை என்றும், விழிப்பும் நிறைவும் கிட்டத்தட்டக் களிப்புமாகவே வந்தது என்றும் தெளிவாக எழுதுகிறார். சோதனை விமானியாக ஒற்றை இருக்கை விமானங்களில் பல ஆண்டுகள் கழித்தவருக்குத் தனியாக ஒரு கலத்தைச் செலுத்துவது புதிதல்ல. நடு இருக்கையை எடுத்துவிட்டு, விளக்குகளை எரியவிட்டு, சூடான காபியோடு, ஒரு சிறிய தேவாலயம் போல் அமைந்துவிட்ட தம் கலத்தில் அவர் மனநிறைவோடு இருக்கிறார். உலகம் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்த நிலவு நடையை அவரால் பார்க்க முடியவில்லை. அதைப் பற்றிக்கூட அவரிடம் குறை இல்லை.

ஏனென்றால் அவருக்குச் செய்ய நிறைய வேலை இருந்தது. ஈகிள் எங்கே இறங்கியது என்பது பூமியில் இருந்தவர்களுக்கும் சரியாகத் தெரியவில்லை. குறித்த இடத்தைத் தாண்டிச் சில கிலோமீட்டர் தள்ளி அது இறங்கியிருந்தது. ஒவ்வொரு சுற்றிலும் ஹூஸ்டன் கட்டுப்பாட்டு நிலையம் தரும் புதிய குறியீட்டை நோக்கித் தம் செக்ஸ்டன்ட் தொலைநோக்கியைத் திருப்புகிறார். பள்ளங்களும் மேடுகளும் தெரிகின்றன, தோழர்கள் தெரியவில்லை. கடைசிவரை அவர்களைக் காணவே இல்லை. இடையில் குளிரூட்டும் நீர்மத்தின் வெப்பநிலை தாறுமாறாகிறது. நீண்ட பழுது நீக்கும் நடைமுறையைத் தொடங்கச் சொல்கிறது ஹூஸ்டன். அவரோ சுவிட்சைத் தானியங்கி நிலையிலிருந்து கைமுறைக்கு மாற்றி, மறுபடியும் பழைய நிலைக்கே திருப்பிவிட, கோளாறு மறைந்துவிடுகிறது.

அவருக்குள் இருந்த கவலை இதுதான்: ஈகிளை நிலவிலிருந்து மேலே தூக்க ஒரே ஓர் எஞ்சின் இருந்தது, அதற்கு மாற்று இல்லை. அது பற்றாமல் போனாலோ, பற்றிப் பாதியில் நின்றாலோ, அவ்விருவரையும் அங்கேயே விட்டுவிட்டு அவர் மட்டும் பூமிக்குத் திரும்ப வேண்டும். திரும்புவேன், உயிரை மாய்த்துக்கொள்ள மாட்டேன், ஆனால் வாழ்நாள் முழுவதும் அந்த அடையாளத்தோடுதான் நடமாட வேண்டியிருக்கும் என்று அவர் எழுதுகிறார். அவர் கழுத்தில் 117 பக்கங்கள் கொண்ட ஒரு குறிப்பேடு தொங்கிக்கொண்டிருந்தது; ஈகிள் வரவேண்டிய பாதையில் வராமல் போனால் தாம் எப்படிப் போய் அவர்களைப் பிடிப்பது என்பதற்கான 18 வழிகள் அதில் இருந்தன. தேவைப்பட்டால் சுமார் 15 கிலோமீட்டர் உயரம் வரை தாழ்ந்து போக அவர் ஆயத்தமாக இருந்தார். ஆனால் தரைவரை இறங்கக் கொலம்பியாவால் முடியாது. இந்தப் பக்கங்களைப் படித்த பின், அவரைத் தனிமையில் வாடியவர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த 28 மணி நேரமும் அவர் மனம் முழுவதும் வேறு இரண்டு பேரிடம் இருந்தது.

ஜூலை 21 அன்று ஈகிள் மேலே வருகிறது. சன்னலில் ஒரு புள்ளியாகத் தோன்றி வளர்கிறது. இணைந்த நொடியில் இரு கலங்களும் திடீரென்று ஆடிக் கோணலாகின்றன. சில விநாடிகள் போராடி அவற்றை நேராக்குகிறார். கதவு திறந்து முதலில் வந்த ஆல்ட்ரினின் தலையை இரு கைகளாலும் பிடித்து, தொலைந்து திரும்பிய பிள்ளையைப் பெற்றவர் முத்தமிடுவதுபோல் நெற்றியில் முத்தமிடப் போனவர், வெட்கப்பட்டுக் கையைக் குலுக்குகிறார். மூன்று பொறியியல் மனிதர்களின் பயணத்தில் இப்படியொரு கணம் இருந்தது என்பதை அவர் ஒருவரே நமக்குச் சொல்லியிருக்க முடியும்.

குறைகளும் உண்டு. எட்வர்ட்ஸ் தள அத்தியாயங்களில் விமானங்களின் எண்களும் அமைப்புகளின் சுருக்கப் பெயர்களும் அடுக்கடுக்காக வருவதால், பொறியியல் பின்னணி இல்லாத வாசகர் சலிப்படையக்கூடும். பெண்கள் விண்வெளிக்குப் போவதைப் பற்றி அவர் எழுதியிருக்கும் சில வரிகள் அந்தக் காலத்து விமானிகளின் அரட்டைத் தரத்தில் இருக்கின்றன. மற்ற இடங்களில் இவ்வளவு நுட்பமாகச் சிந்திக்கும் ஒருவரிடமிருந்து அவை வருவது எனக்கு உறுத்தலாகவே இருந்தது. காலத்தைக் காரணம் காட்டி அவற்றை மன்னித்துவிட நான் ஆயத்தமாக இல்லை.

திரும்பி வந்த பிறகான வாழ்க்கையை அவர் குறைவாகவே எழுதுகிறார். ஜூலை 24 அன்று பசிபிக் கடலில் இறங்கி, தனிமைப்படுத்தல் முடிந்து, மூவரும் மனைவியரோடு உலகைச் சுற்றி வந்தார்கள், பம்பாய்க்கும் வந்தார்கள். அப்பல்லோ 11-க்குப் பின் மீண்டும் பறக்கும் வாய்ப்பை, பயணங்களுக்கு வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பில் இருந்த டீக் ஸ்லேட்டன் புறப்படும் முன்பே முன்வைத்தபோது, குடும்பத்தை எண்ணி வேண்டாம் என்றார் காலின்ஸ். வாஷிங்டனில் தேசிய வான், விண்வெளி அருங்காட்சியகத்தின் இயக்குநரானார். அதன் புதிய கட்டடம் 1976-இல் திறக்கப்பட்டது அவருடைய பொறுப்பில்தான். 2021 ஏப்ரலில் தம் 90-ஆம் வயதில் காலமானார்.

வாங்க நினைப்பவர்களுக்கு: 2009-இலும் 2019-இலும் வந்த பதிப்புகளில் காலின்ஸ் புதிய முன்னுரைகளை எழுதிச் சேர்த்திருக்கிறார். பழைய பிரதி கிடைத்தாலும் வாங்கலாம். மூல நூலை அது எவ்வகையிலும் குறைத்துவிடாது. 1927-இல் நியூயார்க்கிலிருந்து பாரிஸுக்குத் தனியாக விமானம் ஓட்டிச் சென்ற சார்லஸ் லிண்ட்பெர்க், தம் வாழ்வின் கடைசி ஆண்டில் வெளிவந்த இந்நூலுக்கு அணிந்துரை எழுதினார். அதை முதலில் படித்துவிட வேண்டும். ஆங்கிலம் தெளிவானது, நகைச்சுவை நிறைந்தது, கல்லூரி மாணவர் ஒருவர் அகராதியின் துணை அதிகம் இல்லாமல் படித்துவிடலாம். சுருக்கப் பெயர்கள் தடுக்கினால் எட்வர்ட்ஸ் அத்தியாயங்களை விரைவாகப் புரட்டிவிட்டு, நாசாத் தேர்விலிருந்து நிதானமாகத் தொடங்குங்கள். ஆனால் நேராக அப்பல்லோ 11-க்குத் தாவிவிடாதீர்கள். 1967-இன் தீயையும் 1968-இன் அறுவை சிகிச்சையையும் படித்த பின்பே அந்த 117 பக்கக் குறிப்பேடு எதற்காக அவர் கழுத்தில் தொங்கியது என்பது விளங்கும்.